நீரூற்று வீடு: மனநல கிளப்ஹவுஸ் உருவான வரலாறு

மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு, தீராத மனச்சோர்வு போன்ற கடுமையான மனநோய்களுக்கு ஆளானவர்கள் பகலெல்லாம் கூடி, பணியாளர்களோடு சேர்ந்து தாங்களே நடத்தும் மன்றத்துக்குக் கிளப்ஹவுஸ் என்று பெயர். அங்கே மருத்துவர் அறை கிடையாது, மாத்திரை வழங்கும் இடமும் கிடையாது. வருபவரை நோயாளி என்று யாரும் சொல்வதில்லை, அவர் உறுப்பினர். சமைப்பது, தொலைபேசியை எடுப்பது, கணக்கு எழுதுவது, புதிதாக வருபவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என எல்லா வேலையும் உறுப்பினர் கையால் நடக்கும். நியூயார்க் நகரின் மேற்கு 47ஆம் தெருவில் உள்ள ஃபவுண்டன் ஹவுஸ் என்ற வீட்டில்தான் இந்த முறை உருவாயிற்று.

மனநோயாளிகளுக்கு வேலை கொடுக்கும் எண்ணம் அதற்கு மிகவும் முந்தையது. இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சமயத்தவரான வில்லியம் டியூக் நிறுவி 1796இல் திறக்கப்பட்ட யார்க் ரிட்ரீட் இல்லத்தில், கைவேலையும் தோட்ட வேலையும் குணப்படுத்தும் வழிகளாகக் கருதப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்கள் கட்டிய பெரிய மனநல மருத்துவமனைகள் அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் நோயாளிகள் தொகை பெருகப் பெருக, வேலையின் நோக்கம் மாறிவிட்டது. பண்ணையில் பயிரிட்டதும், சலவைக்கூடத்தில் துணி வெளுத்ததும், சமையற்கட்டில் காய் நறுக்கியதும் நோயாளிகளே. கூலி ஒன்றும் இல்லை. அவர்கள் உழைப்பு நின்றால் மருத்துவமனையே நின்றுவிடும் என்ற நிலை வந்தது. நன்றாக வேலை செய்பவரை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வராது. 1973இல் சௌடர் எதிர் பிரென்னன் வழக்கில், இப்படி உழைக்கும் நோயாளிகளுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் கூலி கொடுக்க மனமில்லாத பல மருத்துவமனைகள் வேலையையே நிறுத்திவிட்டன. நோயாளிகள் நாள் முழுவதும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உழைப்பைச் சுரண்டுவது ஒரு கொடுமை என்றால், ஒருவரிடம் எந்த உழைப்பும் எதிர்பார்க்காமல் விட்டுவிடுவது மற்றொரு கொடுமை. இரண்டிலும் படாத ஒரு வழியைத் தேடியது ஃபவுண்டன் ஹவுஸ்.

அதன் தொடக்கம் ராக்லண்ட் மாநில மருத்துவமனையில். நியூயார்க் நகருக்கு வடக்கே ஆரஞ்ச்பர்க் என்ற ஊரில் 1931இல் திறக்கப்பட்ட மாபெரும் வளாகம் அது. அந்தக் காலத்தில் மாநில மனநல மருத்துவமனைகளில் சேர்வது பலருக்கு ஆண்டுக்கணக்கான சிறைவாசம். இன்சுலின் ஊசியால் உணர்விழக்கச் செய்வது, மின்னதிர்ச்சி, மூளை நரம்புகளை அறுக்கும் லோபாட்டமி ஆகியவையே கைவசம் இருந்த சிகிச்சைகள். இந்தச் சூழலில், 1940களின் தொடக்கத்தில், ராக்லண்டில் ஹைரம் ஜான்சன் என்ற மனநல மருத்துவரும் எலிசபெத் ஷெர்மர்ஹார்ன் என்ற தன்னார்வலரும் நோயாளிகள் சிலர் கூடிப் பேசுவதற்குத் துணை நின்றார்கள். ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர அந்தக் குழுவில் வேறெதுவும் நடந்ததாகத் தெரியாது. ஆனால் அங்கே பேசியவர்களிடம் ஓர் ஏற்பாடு தோன்றியது: வெளியே போனபிறகும் ஒருவரை ஒருவர் கைவிடக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து வெளியே வருவது அன்று விடுதலை போலத் தோன்றினாலும், உண்மையில் அதுவே மிக ஆபத்தான கட்டம். கையில் கொஞ்சம் பணம், மலிவான வாடகை அறை, பழைய வேலை போயிற்று, உறவினர் வாசலில் தயக்கம். சில மாதங்களில் மறுபடி மருத்துவமனை வாசலுக்கே வந்து சேர்பவர்கள் ஏராளம். ராக்லண்டில் சந்தித்தவர்களில் ஒருவரான மைக்கேல் ஒபலென்ஸ்கி வெளியே வந்ததும் பழைய நண்பர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். 1940களின் நடுவில் அந்தக் குழு, ‘நாம் தனியாக இல்லை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ‘வானா’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. சந்திக்கச் சொந்த இடமில்லாததால் நியூயார்க் பொது நூலகத்தின் படிக்கட்டுகளில் அவர்கள் கூடினார்கள் என்பது இயக்கத்தில் இன்றுவரை சொல்லப்பட்டுவரும் செய்தி.

அதே காலத்தில் வேறு ஊர்களிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் இருந்தன. சிகாகோவில் மருத்துவர் ஆபிரகாம் லோ 1937இல் ‘ரெக்கவரி’ என்ற சுய உதவிக் குழுவைத் தொடங்கினார். இங்கிலாந்தின் எசெக்ஸில் ரன்வெல் மருத்துவமனையில் ஜோஷுவா பியெரர் 1938இல் நோயாளிகளே நிர்வகிக்கும் சமூக மன்றம் ஒன்றை ஏற்படுத்தினார். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இலேயே தோன்றிவிட்டது. ஒரே துன்பத்தில் விழுந்து எழுந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக முடியும் என்ற நம்பிக்கை அந்தப் பத்தாண்டில் பரவலாக இருந்தது. ‘வானா’ அந்த அலையின் ஒரு பகுதி. மற்றக் குழுக்களுக்கு வாராந்திரக் கூட்டமே போதுமாக இருந்தது. ‘வானா’வினருக்கு நிலையான வீடு ஒன்று வேண்டியிருந்தது. பின்னாளில் பெரிதாக எழுந்த அத்தனையும் இந்த வேறுபாட்டிலிருந்து வந்தது.

வீடு 1948இல் கிடைத்தது. ஷெர்மர்ஹார்னும் ஹெட்டி ரிச்சர்ட் என்ற மற்றொரு தன்னார்வலரும் முயற்சி எடுக்க, யூதப் பெண்களின் தேசிய மன்றம் உதவிக்கரம் நீட்ட, மேற்கு 47ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதன் பின்கட்டுத் தோட்டத்தில் ஒரு நீரூற்று இருந்தது. ஆங்கிலத்தில் நீரூற்று என்று பொருள்படும் பெயரே வீட்டுக்கு நிலைத்தது. மருத்துவமனை என்றோ மறுவாழ்வு மையம் என்றோ வாசலில் எழுத வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அந்த வாசலுக்குள் நுழைபவரைத் தெருவில் போகிறவர் எந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டியதில்லை.

முதல் சில ஆண்டுகளில் அது மாலை நேர மன்றமாகத்தான் இருந்தது. காபி, சீட்டாட்டம், பேச்சு, அறை தேடும் உதவி, வேலை கேட்டுச் சிபாரிசு. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாலையில் போக ஓர் இடம் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் குறைகள் தெரியத் தொடங்கின. வீடு ஓர் அறக்கட்டளையின் சொத்து. பணம் திரட்டுவது அதன் வாரியம். படிக்கட்டில் தாங்களே எல்லாமாக இருந்தவர்கள், சொந்த வீட்டுக்கு வந்ததும் விருந்தாளிகளாக மாறும் ஆபத்து இருந்தது. எந்தச் சுய உதவி அமைப்பும் சொத்து சேர்க்கும்போது இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். மற்றொரு குறை பகல் நேரம். வேலையில்லாத மனிதருக்குக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரைதான் காலம் கனக்கும். ஊரெல்லாம் எங்கோ போய்க்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் மன்றத்தால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

1955இல் ஜான் பியர்ட் என்ற சமூகப் பணியாளர் இயக்குநராக வந்தார். அதற்குமுன் அவர் மிச்சிகன் மாநிலத்தில், எலோயிஸ் என்று அறியப்பட்ட வெய்ன் கவுண்டி பொது மருத்துவமனையில் பணிபுரிந்தவர். அங்கே பல ஆண்டுகளாகக் கூடத்தில் கிடந்த நோயாளிகளோடு செயல்வழிக் குழு முறையில் பழகியபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தால் நோயே பேசுகிறது. கையில் ஒரு காரியத்தைக் கொடுத்து உடன் செய்தால் நோய்க்குப் பின்னால் இருக்கும் மனிதர் மெல்ல வெளியே வருகிறார். ஒருவரிடம் எது கெட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு எது கெடாமல் இருக்கிறது என்று தேடுவது அவர் வழக்கமாயிற்று. காலமும் அவருக்குக் கைகொடுத்தது. 1954இல் அமெரிக்காவில் குளோர்ப்ரோமசின் மருந்து புழக்கத்துக்கு வந்து, குரல்களும் அச்சமும் ஓரளவு அடங்கியவர்கள் மருத்துவமனையை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

பியர்ட் வீட்டின் கதவைப் பகலில் திறந்தார். ஆனால் பகலில் வருபவர்களுக்குப் பொழுதுபோக்கு எதையும் அவர் ஏற்பாடு செய்யவில்லை. வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட வேலைகள் குவிந்து கிடந்தன; அவற்றைச் செய்யப் போதுமான பணியாளர் இல்லை. அந்தப் பற்றாக்குறையைத்தான் அவர் முறையாக்கினார். கூடை பின்னுவது, களிமண் பிசைவது போன்ற சிகிச்சைக் கைவேலைகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னிய கூடை யாருக்கும் வேண்டாத பொருள் என்பது பின்னுகிறவருக்கே தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்காரும்போது சோறு தயாராக இல்லை என்றால் நிலைமை வேறு. உருளைக்கிழங்கை உரிக்க ஒருவர் வரவில்லை என்பதை அன்று எல்லோரும் உணர்வார்கள். தன்னை யாரும் எதிர்பார்ப்பதில்லை என்ற நிலைக்குத் தள்ளப்பட்டவரை அந்த நிலையிலிருந்து மீட்கும் வழி, அவரை உண்மையாகவே எதிர்பார்ப்பதுதான். இந்த ஒரு கருத்தின்மேல்தான் கிளப்ஹவுஸ் முழுவதும் நிற்கிறது.

நடைமுறையில் ஒரு நாள் இப்படி அமையும். வீடு சில பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: சமையல், அலுவலகம், வரவேற்பு, வேலைவாய்ப்பு, பராமரிப்பு. காலையில் ஒவ்வொரு பிரிவும் கூடி அன்றைய வேலைகளைப் பலகையில் எழுதும். யார் எதை எடுத்துக்கொள்கிறார் என்று கேட்கப்படும், கட்டாயம் இல்லை. ஒருவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவார். ஒருவர் நேற்று வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவார். ஒருவர் மன்றச் செய்தித்தாளுக்குப் பிழை திருத்துவார். முதல்நாள் வந்தவருக்குப் பெரும்பாலும் கேள்விப் படிவம் நீட்டப்படாது. ஒரு கத்தியும் காய்கறியும் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் நின்று தானும் நறுக்குவார். பேச்சு தானாக வரும், வராமலும் போகலாம். பிற்பகலில் மீண்டும் ஒரு கூட்டம், மிச்சம் இருப்பதைப் பகிர்ந்துகொள்ள.

அந்த வேலைகளில் மிக முக்கியமானது வராதவர்களைக் கூப்பிடுவது. சில நாட்களாகத் தலைகாட்டாத உறுப்பினரின் எண்ணை மற்றோர் உறுப்பினர் சுழற்றுவார். உடம்பு சரியில்லையா, காசு இல்லையா, மறுபடி மருத்துவமனையா என்று விசாரிப்பார். மருத்துவமனையில் என்றால் போய்ப் பார்த்துவருவார்கள். நோய் வந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அனுபவம் உள்ள ஒருவர் தொலைபேசியில் சொல்லும் நான்கு வார்த்தைக்கு இருக்கும் எடை, படித்துப் பட்டம் பெற்றவரின் ஆலோசனைக்கு எப்போதும் இருப்பதில்லை. வட்டமாக உட்கார்ந்து அவரவர் துன்பத்தைச் சொல்லும் வழக்கம் கிளப்ஹவுஸில் இல்லை. ஒருவருக்கொருவர் துணை என்பது அங்கே வேலையின் ஊடாகவே நடக்கிறது: நகல் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுப்பது, நேர்காணலுக்கு முந்தின நாள் சட்டை தேய்த்துக்கொடுப்பது, வாடகை விண்ணப்பத்தைக் கூட இருந்து நிரப்புவது.

பணியாளர்களுக்கு இந்த முறை எளிதல்ல. உறுப்பினர் ஈடுபடாமல் பணியாளர்களால் மட்டும் வீட்டை நடத்த முடியாத அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை குறைவாகவே இருக்க வேண்டும் என்பது பின்னாளில் எழுத்து வடிவ விதியானது. பணியாளருக்குத் தனி அறையோ, உறுப்பினரை விலக்கிய கூட்டமோ கிடையாது. உளவியல் பட்டம் பெற்றவரும் பாத்திரம் கழுவுவார். கழுவுவதைவிடக் கடினம், தானே விரைவாக முடித்துவிடக்கூடிய காரியத்தை மெதுவாகச் செய்பவரோடு பகிர்ந்து பொறுமையாக நிற்பது. பல கிளப்ஹவுஸ்கள் தளர்ந்துபோன இடமும் இதுதான். பணியாளர் பெருகியதும் வேலையை அவர்களே முடித்துவிடுவார்கள். உறுப்பினர் சோபாவில் உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக்குள் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. பழைய மருத்துவமனைச் சுரண்டல் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைத் தடுக்கவே ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. உறுப்பினர் செய்வது மன்றத்துக்கான வேலையாக மட்டுமே இருக்க வேண்டும். வெளியாருக்குப் பொருள் செய்து விற்கும் பட்டறை எதையும் கிளப்ஹவுஸ் நடத்தக் கூடாது. சம்பளத்துக்கான வேலை வெளியுலகில்தான்.

அதற்கு பியர்ட் கண்ட வழி இடைக்கால வேலை. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், நகரத்து நிறுவனங்களிடம் தொடக்கநிலை வேலைகளை மன்றம் கேட்டுப் பெறும்: அஞ்சல் பிரிப்பது, கோப்பு அடுக்குவது, தூதஞ்சல் கொண்டுபோவது. வாரத்துக்குச் சுமார் 15 முதல் 20 மணி நேரம். 6 முதல் 9 மாதம். பிறகு அந்த இடம் அடுத்த உறுப்பினருக்கு. ஊரில் நிலவும் கூலியை நிறுவனமே நேரடியாகக் கொடுக்கும். முதலில் மன்றப் பணியாளர் ஒருவர் போய் வேலையைக் கற்றுவருவார், பிறகு உறுப்பினருக்குச் சொல்லித் தருவார். உறுப்பினரால் ஒருநாள் போக முடியவில்லை என்றால் மன்றத்திலிருந்து வேறொருவர் போய் நிற்பார். வேலை கெடாது என்ற உறுதி முதலாளிக்கு. தோற்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம் உறுப்பினருக்கு இல்லை. முன் அனுபவமோ, ஆண்டுக்கணக்கான இடைவெளிக்கு விளக்கமோ கேட்கப்படாத வேலை அது. அதில் இடம்பெறத் தகுதித் தேர்வும் கிடையாது. விருப்பம் இருந்தால் போதும்.

குடியிருப்புக்கும் வழி செய்யப்பட்டது. மன்றமே அடுக்ககங்களை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர் இருவர் மூவராகச் சேர்ந்து வாழ ஏற்பாடு செய்தது. பண்டிகை நாட்கள் அதே தேதியில் மன்றத்தில் கொண்டாடப்பட்டன. குடும்பம் இல்லாதவருக்கு அந்த ஒருநாள்தான் ஆண்டிலேயே நீளமான நாள். 1965இல் அதே தெருவில் 425ஆம் எண்ணில் பெரிய கட்டடம் எழுந்தது.

இதற்கிடையில் நாட்டின் நிலை தலைகீழாகிக்கொண்டிருந்தது. 1955இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் 5.5 லட்சம் பேருக்குமேல் இருந்தார்கள். மருந்துகளும், 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநல மையச் சட்டமும், மாநிலங்களின் செலவுக் குறைப்பும் சேர்ந்து அந்த வார்டுகளைக் காலி செய்தன. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட மையங்களில் பாதிகூடக் கட்டப்படவில்லை. தெருவோரத்திலும் சிறையிலும் மனநோயாளிகள் தென்படத் தொடங்கியபோது, 20 ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஃபவுண்டன் ஹவுஸ் பக்கம் பார்வை திரும்பியது. 1970களின் பிற்பகுதியில் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியுதவியோடு அங்கே பயிற்சித் திட்டம் தொடங்கியது. பல மாநிலங்களிலிருந்து குழுக்கள் வந்து, வாரக்கணக்கில் தங்கி, சமையற்கட்டிலும் அலுவலகத்திலும் உறுப்பினர்களோடு நின்று கற்றன.

ஆனால் நாடு தாண்டிய முதல் கிளைகளில் ஒன்று அதற்கு முன்பே தென்னாசியாவில் முளைத்துவிட்டது. பேராசிரியர் ரஷீத் சௌத்ரியின் முயற்சியில் 1971இல் லாகூரில் ஃபவுண்டன் ஹவுஸ் என்ற அதே பெயரில் ஓர் இல்லம் ஏற்பட்டது. அங்கே தங்கும் வசதியும் இல்லத்தின் பகுதியாக இருந்தது. தனியாள் வாடகை அறை நியூயார்க்கின் பிரச்சினை, கைவிடப்பட்டவருக்குக் கூரையே லாகூரின் முதல் தேவை. கிளப்ஹவுஸ் முறை பற்றிய முதல் சர்வதேசக் கருத்தரங்கு 1981இல் பாகிஸ்தானில்தான் கூடியது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 1980இல் ஒரு மன்றம் தொடங்க, ஐரோப்பாவிலும் முறை பரவியது.

பியர்ட் 1982இல் காலமானார். அதே ஆண்டு அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரை முறையின் அடிப்படைகளைத் தொகுத்தது. அதிலிருந்து உறுப்பினருக்குரிய நான்கு உரிமைகள் நிலைபெற்றன: வருவதற்கு ஓர் இடம், பொருளுள்ள வேலை, பொருளுள்ள உறவு, திரும்பி வருவதற்கு ஓர் இடம். நான்காவதுதான் மற்ற அமைப்புகளில் காணக் கிடைக்காதது. சிகிச்சைத் திட்டங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. குணமானால் அனுப்பிவிடுவார்கள், வராமல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள். கிளப்ஹவுஸில் உறுப்பினர் உரிமைக்குக் காலவரம்பு இல்லை. 10 ஆண்டு கழித்து வந்தாலும், பிறருக்கு ஆபத்தில்லாதவரை, அன்றே உள்ளே வரலாம்.

மன்றங்கள் பெருகியபோது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டவையும் தோன்றின. எனவே 1989இல் 35 விதிகள் கொண்ட சர்வதேசத் தரநெறி ஏற்கப்பட்டது. விதிகள் அதன்பின் அவ்வப்போது திருத்தப்பட்டுவருகின்றன. அந்தத் தரநெறியைப் பேணுவதற்காக 1994இல் அமைந்த சர்வதேச மையம் இப்போது கிளப்ஹவுஸ் இன்டர்நேஷனல் என்று அழைக்கப்படுகிறது.

முறைக்கு எதிரான விமர்சனமும் வலுவானதே. 1990களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் வளர்த்த வேறொரு வேலைவாய்ப்பு முறை, ஒருவர் விரும்பும் நிரந்தர வேலையை நேரடியாகத் தேடிக்கொடுத்து அதில் தொடர்ந்து துணைநிற்பதே சிறந்தது என்றது. சில மாதங்களில் கைமாறும் இடைக்கால வேலை மன்றத்தின் சொத்தே தவிர அந்த மனிதரின் சொத்தல்ல என்ற அவர்கள் தரப்பு வாதம் சரியானது. ஆய்வுகளும் அந்த முறைக்கு வலுவான சான்று தந்தன. கிளப்ஹவுஸ்கள் அதன்பிறகு நிரந்தர வேலைக்கான துணையையும் சேர்த்துக்கொண்டன. மசாசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஜெனிசிஸ் கிளப் என்ற மன்றத்தையும் தீவிர சமூக சிகிச்சைக் குழு ஒன்றையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், வேலை பெற்றவர் விகிதத்தில் இரண்டுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. மன்றத்தினர் வேலையில் நீடித்த காலமோ கூடுதலாக இருந்தது. ஆனால் மன்றத்தை வேலைவாய்ப்பு எண்ணிக்கையால் மட்டும் அளப்பது பொருந்தாது. வேலைக்குப் போக முடியாத உறுப்பினரும் மதியச் சாப்பாட்டுக்குத் தேவைப்படுகிறவரே.

2014இல் ஃபவுண்டன் ஹவுஸுக்கும் கிளப்ஹவுஸ் இன்டர்நேஷனலுக்கும் சேர்த்துக் கான்ராட் என். ஹில்டன் மனிதநேயப் பரிசு வழங்கப்பட்டது. இப்போது 30க்கும் மேற்பட்ட நாடுகளில் 300க்கும் மேற்பட்ட மன்றங்கள் இயங்குகின்றன. தரநெறியைப் பின்பற்றும் மன்றத்துக்கு ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ அங்கீகாரம் தரப்படும். அதை முடிவுசெய்ய வேறு மன்றங்களிலிருந்து வந்து, சில நாட்கள் தங்கி, உடன் வேலை செய்து, அறிக்கை எழுதும் குழுவில் ஒருவர் பணியாளர், மற்றவர் உறுப்பினர்.